வடிவமைப்பு முறைகள்: பட்டறைக்குப் போனவையும் பாடநூலிலேயே தங்கியவையும்

புதிய பொருள் உருவாக்கம் பற்றிய எந்தப் பயிற்சி வகுப்பிலும் ஒரு வரைபடம் கட்டாயம் வரும். கிடையாகக் காலம், செங்குத்தாகச் செலவு. ஒரு கோடு தொடக்கத்திலேயே சட்டென்று மேலே ஏறும், இன்னொன்று கீழேயே ஊர்ந்துவிட்டுக் கடைசியில் எழும். ஒரு பொருளின் தயாரிப்புச் செலவில் 70 முதல் 80 விழுக்காடு வடிவமைப்புக் கட்டத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது, அந்தக் கட்டத்தில் நாம் செலவழிப்பதோ சொற்பம் என்பது அதன் சாரம். சொல்பவர் உறுதியாகச் சொல்வார், கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். எந்தப் பொருளை, யார் அளந்து இந்த எண்ணைச் சொன்னார்கள் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழாது.

கேட்டவர்களும் உண்டு. கார்ல் உல்ரிச்சும் ஸ்காட் பியர்சனும் 1993-ல் எம்.ஐ.டி.யிலிருந்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். தயாரிப்புச் செலவில் 80 விழுக்காட்டை வடிவமைப்பு தீர்மானிக்கிறது என்பது உண்மைதானா என்ற கேள்வியே அதன் தலைப்பு. சந்தையில் விற்கும் 18 காபி மேக்கர்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பாகம் பாகமாகப் பிரித்தார்கள். எல்லாமே ஒரே வேலையைச் செய்பவை: தண்ணீரைச் சூடாக்கிக் காபித் தூள் வழியாகச் சொட்டவிடுபவை. ஒவ்வொன்றிலும் எத்தனை பாகங்கள், எவ்வளவு பொருள், கோர்க்க எவ்வளவு வேலை என்று கணக்கிட்டார்கள். ஒரே வேலையைச் செய்யும் கருவிகளுக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பது வடிவமைப்பின் கை பெரியது என்று காட்டியது. ஆனால் அதே டிராயிங்கை ஓர் ஆலை எவ்வளவு திறமையாகச் செய்கிறது என்பதும் செலவில் ஒதுக்கிவிட முடியாத பங்கு வகித்தது. ஆக, 80 என்பது எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் விதி அல்ல.

இந்தக் கதையை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பொறியியல் வடிவமைப்பு ஆய்வு என்ற துறை முழுக்கவே இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. வடிவமைப்பாளர் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் முறைகள் முதலில் வந்தன, அவர்கள் உண்மையில் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்தது பிறகுதான். பார்க்கத் தொடங்கியதும் சில முறைகள் கழன்று விழுந்தன, சில நின்றன. நின்றவற்றைக் கவனித்தால், முழு நடைமுறையைப் படிப்படியாக வகுத்துக் கொடுத்தவற்றைவிட, சரியான நேரத்தில் ஒரு சங்கடமான கேள்வியைக் கேட்க வைத்த முறைகளே ஆலைகளில் வேர்பிடித்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒழுங்கு தேடிய காலம்

1960களின் மேற்கு ஜெர்மனியில் இயந்திரத் தொழில் வேகமாக வளர்ந்தது. வடிவமைப்பு அறையோ அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. நல்ல வடிவமைப்பாளர் என்பவர் இருபது வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து தேறியவர். அவர் ஓய்வு பெற்றால் அறிவும் அவரோடு போய்விடும். இதைக் கற்றுக்கொடுக்கக்கூடிய ஒன்றாக மாற்ற முடியுமா என்பதுதான் அங்கிருந்த பேராசிரியர்களின் கவலை. டார்ம்ஸ்டாட்டில் கெர்ஹார்ட் பாலும் பெர்லினில் வொல்ஃப்காங் பைட்ஸும் சேர்ந்து எழுதிய நூல் 1977-ல் வந்தது. 1984-ல் கேம்பிரிட்ஜின் கென் வாலஸ் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த பிறகு உலகெங்கும் அது பாடநூலாயிற்று. ஜெர்மன் பொறியாளர் சங்கமான வி.டி.ஐ. இதே போக்கில் 2221 என்ற எண்ணுள்ள வழிகாட்டியை வெளியிட்டது.

அவர்கள் சொன்ன வரிசை இன்று எந்தப் பொறியியல் மாணவருக்கும் தெரியும். முதலில் தேவையைத் தெளிவாக்கு. பிறகு கருத்துருவை, அதாவது பொருள் எந்த அடிப்படையில் இயங்கும் என்ற யோசனையைத் தேடு. அப்புறம் அதற்கு உருவமும் அளவும் கொடு. கடைசியில் விவர டிராயிங். கருத்துருக் கட்டத்தில் பாகத்தின் பெயரைச் சொல்லக்கூடாது, செயலைச் சொல்ல வேண்டும். 'மோட்டார்' என்று எழுதாமல் 'மின்சாரத்தைச் சுழற்சியாக மாற்று' என்று எழுது. ஒவ்வொரு செயலுக்கும் முடிந்தவரை பல வழிகளைப் பட்டியலிடு. பிறகு ஒரு வரிசையிலிருந்து ஒன்று, அடுத்த வரிசையிலிருந்து ஒன்று என்று கோர்த்துப் பார். இந்தக் கட்டப் பட்டியலை முன்பே பரப்பியவர் ஒரு வானியலாளர், சுவிட்சர்லாந்து வழிவந்த ஃபிரிட்ஸ் ஸ்விக்கி.

இதே காலத்தில் லண்டனிலும் ஒரு அலை எழுந்தது. 1962 செப்டம்பரில் இம்பீரியல் கல்லூரியில் வடிவமைப்பு முறைகளுக்கென்றே ஒரு மாநாடு நடந்தது. அதில் கிறிஸ்டோஃபர் அலெக்சாண்டர் என்ற இளம் கட்டடக்கலைஞர் வாசித்த கட்டுரை ஓர் இந்தியக் கிராமத்தைப் பற்றியது. குஜராத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தவர் அவர். பாவ்ரா என்ற அந்த ஊருக்கு என்னென்ன தேவை என்று 141 தேவைகளைப் பட்டியலிட்டார். எந்தத் தேவை எதனோடு மோதுகிறது, எது எதற்குத் துணை நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, கணக்கின் உதவியால் அவற்றைச் சிறு சிறு கொத்துகளாகப் பிரித்தார். கொத்துகளைத் தனித்தனியே தீர்த்துவிட்டுப் பிறகு இணைத்தால் முழு ஊரும் வந்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான யோசனைதான்.

பத்து வருடம்கூட ஆகவில்லை. 1971-ல் அதே அலெக்சாண்டர், வடிவமைப்பு முறைகளை ஒரு தனிப் பாடமாகப் படிக்கும் எண்ணத்தையே தான் நிராகரிப்பதாக, இந்த வழியை விளக்கிய தன் நூலின் புதிய பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் அறிவித்தார். வடிவமைப்பதிலிருந்து வடிவமைப்பு ஆய்வைப் பிரித்து வைப்பது அபத்தம் என்பது அவர் வாதம். துறையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரே இப்படிக் கைகழுவியது ஆய்வாளர்களை உலுக்கியது. என் பார்வையில் அந்த உலுக்கல் நல்லதாகவே முடிந்தது. முறைகளை எழுதுவதை நிறுத்திவிட்டு மனிதர்களைக் கவனிக்கலாம் என்று சிலர் கிளம்பினார்கள்.

கவனித்தபோது தெரிந்தது

ஜெர்மனியிலேயே அது நடந்தது என்பதுதான் சுவாரசியம். டார்ம்ஸ்டாட்டில் கெர்ட் ஃபிரிக்கே, ஒரே இயந்திரவியல் பணியைப் பல வடிவமைப்பாளர்களிடம் கொடுத்து, அவர்கள் சத்தமாக யோசித்தபடி வேலை செய்வதைப் பதிவு செய்தார். முறையைத் துளியும் பொருட்படுத்தாமல் போனவர்கள் சறுக்கினார்கள். முறையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியவர்களும் பெரிதாகச் சாதிக்கவில்லை. ஒழுங்கை மனதில் வைத்துக்கொண்டு தேவைப்பட்ட இடத்தில் விலகியவர்களின் தீர்வுகள்தான் நன்றாக இருந்தன. தீர்வுகளைத் தேடுவதிலும் இதே கதை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டவர்களும் திண்டாடினார்கள், எண்ணற்ற மாற்றுகளை விரித்துப் போட்டவர்களும் திண்டாடினார்கள். பின்னவர்களின் நேரமெல்லாம் அந்தக் குவியலை மேய்ப்பதிலேயே போனது.

1994-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் நைஜல் கிராஸ், கீஸ் டோர்ஸ்ட் முதலியவர்கள் ஒரு வித்தியாசமான பட்டறையை நடத்தினார்கள். மலையேறும் சைக்கிளில் முதுகுப்பையை வைத்துக்கொண்டு போக ஒரு தாங்கி வேண்டும். இதைத் தனியாக ஒரு வடிவமைப்பாளரும் மூவர் கொண்ட குழு ஒன்றும் செய்வதைப் படம் பிடித்து, அதே காணொளியைப் பல நாட்டு ஆய்வாளர்களுக்கு அனுப்பி, உங்கள் பாணியில் அலசிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். இரண்டு மணி நேர வேலையை வைத்துக் கொத்துக் கொத்தாகக் கட்டுரைகள் வந்தன. அதுவரை இந்தத் துறையில் ஒவ்வொருவரும் தங்கள் சொந்தத் தரவைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே காட்சியைப் பார்த்து வாதாடியது அங்கேதான்.

டோர்ஸ்ட்டும் கிராஸும் 2001-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. அனுபவமுள்ள ஒன்பது வடிவமைப்பாளர்களிடம் டச்சு ரயில் பெட்டிகளுக்கான குப்பை சேகரிப்பு அமைப்பை வடிவமைக்கச் சொன்னார்கள். பாடநூல்படி தேவையை முதலில் முடிவு செய்ய வேண்டும், தீர்வு பிறகு. நடந்தது அப்படியில்லை. ஒரு சிறு தீர்வு யோசனை வந்ததும் அது தேவையையே மாற்றியது. ரயிலில் சேரும் குப்பையில் செய்தித்தாள் நிறைய, அதைத் தனியாகப் பிரித்துவிட்டால் என்ன என்று தோன்றிய கணத்தில், 'பெரிய தொட்டி வேண்டும்' என்ற பிரச்சினை 'தாளுக்கு ஒரு தனி இடம் வேண்டும்' என்ற வேறு பிரச்சினையாகிவிட்டது. அந்த யோசனை பலருக்கும் வந்தது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் தோன்றிய புதுமையாக அதைக் கண்டு மகிழ்ந்தார்கள் என்பது வேடிக்கை. பிரச்சினையும் தீர்வும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சேர்ந்தே வளர்கின்றன என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையிலான குழு உருவாக்கிய நியோஃப்ளை என்ற சக்கர நாற்காலி 2021-ல் வெளிவந்தது. சக்கர நாற்காலி என்றதும் எடையைக் குறைப்பது, விலையைக் குறைப்பது என்றுதான் யோசனை ஓடும். அவர்கள் பிடித்த பிரச்சினை வேறு. இங்கே விற்கும் நாற்காலிகளில் பெரும்பாலானவை மருத்துவமனை வராந்தாவில் யாரோ ஒருவர் தள்ளிக்கொண்டு போவதற்கானவை. எல்லா உடம்புக்கும் ஒரே அளவு. நாள் முழுக்க அதிலேயே உட்கார்ந்து, தானே உருட்டிக்கொண்டு வேலைக்குப் போக நினைப்பவருக்கு அது தண்டனை. ஆகவே பயன்படுத்துபவரின் உடலுக்கும் வாழ்க்கைக்கும் ஏற்ப 18 விதமாக மாற்றிக்கொள்ளும்படி நியோஃப்ளையை அமைத்தார்கள். முன்னால் மாட்டிக்கொண்டால் சாலையில் வண்டியாகவே ஓட்டிப் போகும் நியோபோல்ட் என்ற மோட்டார் இணைப்பும் கூடவே வந்தது. தேவைப் பட்டியலை முதல் நாளே பூட்டி வைத்திருந்தால் நாற்காலியில் தொடங்கிய வேலை ஒரு வாகனம் வரை போயிருக்க வழியில்லை.

கவனித்தவர்கள் கண்ட இன்னொரு உண்மை அவ்வளவு இனிமையானதல்ல. டெக்சாஸில் டேவிட் ஜான்சனும் ஸ்டீவன் ஸ்மித்தும் 1991-ல் வெளியிட்ட சோதனைகள் அவை. பொறியியல் மாணவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து ஒரே பணியைக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குக் கூடவே ஒரு மாதிரி வடிவமும் காட்டினார்கள். மாதிரியில் வேண்டுமென்றே குறைகள் இருந்தன. ஒரு பணி, சிந்தாத காபிக் கோப்பை. உறிஞ்சுகுழாய், வாய்முனை இரண்டும் கூடாது என்று பணியிலேயே எழுதியிருந்தது. காட்டிய மாதிரியிலோ இரண்டும் இருந்தன. மாதிரியைப் பார்த்தவர்களில் பலர், கூடாது என்று படித்த பிறகும், உறிஞ்சுகுழாய் வைத்தே வரைந்தார்கள். இரண்டு குழுக்களும் தந்த யோசனைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். எண்ணிக்கை குறையவில்லை, பார்வைதான் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டது. அனுபவமுள்ள பொறியாளர்களிடமும் இது காணப்பட்டது. பிறகு சிட்னியில் பர்செலும் கெரோவும் செய்த ஆய்வுகளில், தொழில் வடிவமைப்பு படித்தவர்களைவிட இயந்திரவியல் மாணவர்கள் இந்த வலையில் அதிகம் விழுந்தார்கள். பழைய மாடலின் டிராயிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு 'புது மாடல்' தொடங்கும் எந்த அலுவலகத்துக்கும் இது பொருந்தும்.

மூன்று கேள்விகள்

சரி, ஆலைக்குள் போன முறைகள் எவை? முதலில் நிற்பது ஜெஃப்ரி பூத்ராய்டும் பீட்டர் டியூஹர்ஸ்ட்டும் 1980களில் அமெரிக்காவில் பரப்பிய, எளிதில் கோர்ப்பதற்கான வடிவமைப்பு முறை. அதன் அட்டவணைகள், நேரக் கணக்குகள், மென்பொருள் எல்லாவற்றையும் உரித்துவிட்டால் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கும். ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்துக் கேட்க வேண்டும். இது ஏற்கெனவே கோர்த்த பாகங்களிலிருந்து தனியாக அசைய வேண்டியதா? வேறு பொருளால்தான் செய்தாக வேண்டுமா? இது தனியாக இல்லாவிட்டால் மற்றவற்றைக் கோர்க்கவோ கழற்றவோ முடியாமல் போகுமா? மூன்றுக்கும் பதில் 'இல்லை' என்றால் அந்தப் பாகம் பக்கத்துப் பாகத்தோடு சேர்ந்துவிடலாம். இந்தக் கணக்கில் ஸ்க்ரூ, வாஷர், பிராக்கெட் எல்லாமே குற்றவாளிக் கூண்டில் நிற்கும்.

1985-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த ப்ரோப்ரிண்டர் இந்தச் சிந்தனையின் பேர்பெற்ற பிள்ளை. அதற்கு முன் ஐ.பி.எம். தன் பெயரில் விற்ற தனிக் கணினிப் பிரிண்டர், ஜப்பானிய எப்சன் செய்து கொடுத்தது. அதில் இருந்த பாகங்களில் சிறு பங்கே புதியதில் மிஞ்சியது. திருகாணிக்குப் பதில் பிளாஸ்டிக் கொக்கிகள், மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக வைத்து அழுத்தினால் போதும். ரோபோக்கள் கோர்க்க வேண்டும் என்பதற்காகவே இப்படிச் செய்தார்கள். செய்து முடித்த பிறகு பார்த்தால், மனிதர்களே சில நிமிடங்களில் கோர்த்துவிடும் அளவுக்கு அது எளிதாகியிருந்தது. ரோபோவுக்காக யோசித்ததில் ரோபோவின் தேவையே குறைந்துபோனது.

ஆனால் இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. உல்ரிச்சும் சகாக்களும் போலராய்ட் கேமராக்களை வைத்து 1993-ல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஐந்து எளிய பாகங்களை ஒரே பாகமாக்கினால் கோர்க்கும் செலவு குறையும், சரி. ஆனால் அந்த ஒரே பாகத்துக்கான மோல்டு, அதாவது அதை வார்க்கும் அச்சு, சிக்கலாகும். சிக்கலான மோல்டைச் செய்து முடிக்கக் கூடுதல் வாரங்கள் பிடிக்கும். அத்தனை வாரம் பொருள் சந்தைக்கு வராமல் நின்றால் போகும் லாபம், சேமித்த கூலியைவிடப் பெரிதாகிவிடலாம். இதோடு, ஆய்வறிக்கைகளில் அதிகம் தலைகாட்டாத ஒருவர் இருக்கிறார்: பழுது பார்ப்பவர். கொக்கி போட்டு மூடிய பெட்டியை எப்படித் திறப்பது என்று தெரியாமல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, கொக்கி உடைந்து, கடைசியில் டேப் ஒட்டிக் கொடுக்கும் மிக்சி மெக்கானிக்கைப் பார்க்காதவர் உண்டா? மூன்றாவது கேள்வியில் 'கழற்றவோ' என்ற சொல் இருக்கத்தான் செய்கிறது. அதை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஸ்டூவர்ட் பியூவின் ஒப்பீட்டுக் கட்டமும் இதே இனம். மேலே கருத்துருக்கள், பக்கத்தில் அளவுகோல்கள். ஒரு கருத்துருவை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவை அதைவிட மேலா, கீழா, ஒன்றா என்று கூட்டல், கழித்தல், சமம் மட்டும் போடுவது. நம் கல்லூரிகளில் இதைக் கற்பிக்கும்போது கடைசியில் கூட்டிப் பார்த்து அதிக மதிப்பெண் பெற்றதைத் தேர்ந்தெடு என்று முடித்துவிடுகிறார்கள். பியூ சொன்னது அதுவல்ல. ஒரு கருத்துரு ஏன் இந்த வரியில் கழித்தல் வாங்கியது, மற்றொன்றிலிருந்து எதை எடுத்து ஒட்டினால் அது கூட்டலாகும் என்று குழு பேச வேண்டும், புதிய கலப்புக் கருத்துருக்களைச் சேர்த்துக் கட்டத்தை மறுபடி ஓட்ட வேண்டும் என்றார். ஜார்ஜ் ஹேசல்ரிக் போன்றவர்கள் இந்தக் கட்டம் முடிவெடுப்பியல் கணிதப்படி ஓட்டையானது என்று கடுமையாகச் சாடினார்கள். டேனியல் ஃப்ரே குழுவினர் 2009-ல் கணினி மாதிரிகளை ஓட்டிப் பதில் சொன்னார்கள்: இது ஒரேயடியாக வெற்றியாளரை அறிவிக்கும் தேர்தல் அல்ல, மெல்ல மெல்லக் குவியும் உரையாடல். நான் ஃப்ரே பக்கம்தான்.

வாடிக்கையாளர் தேவைகளை ஒரு பக்கமும் பொறியியல் அளவுகளை மறுபக்கமும் எழுதி, எது எதோடு தொடர்புடையது என்று நிரப்பும் 'தர வீடு' என்ற கட்டம் ஜப்பானில் பிறந்தது. யோஜி அகாவோ வளர்த்த சிந்தனையிலிருந்து, 1972-ல் மிட்சுபிஷியின் கோபே கப்பல் கட்டும் தளத்தில் அந்தக் கட்டம் உருவெடுத்தது. 1988-க்குப் பிறகு அமெரிக்காவில் அது ஒரு பித்தாகவே பரவியது. நூறு தேவை, நூறு அளவு என்று எழுதினால் பத்தாயிரம் கட்டங்கள். நிரப்பி முடிப்பதற்குள் குழு களைத்துவிடும். அப்பி கிரிஃபின் அமெரிக்க நிறுவனங்களில் 35 திட்டங்களைப் பின்தொடர்ந்து 1992-ல் எழுதினார். செலவிலோ காலத்திலோ கண்கூடான உடனடிப் பலன் கிடைத்தது சுமார் கால்வாசித் திட்டங்களில்தான். ஆனாலும் பெரும்பாலானோர் இது பயனுள்ளது என்றே சொன்னார்கள். ஏன் என்பதற்கு கிரிஃபினும் ஜான் ஹௌசரும் அதே ஆண்டில் தந்த விடை தெளிவானது. ஒரு வாகன நிறுவனத்தில் ஒரே மாதிரி வேலை செய்த இரண்டு குழுக்களின் பேச்சுகளை அவர்கள் எண்ணினார்கள். தர வீட்டைப் பயன்படுத்திய குழுவில் விற்பனை, வடிவமைப்பு, உற்பத்திப் பிரிவினர் மேலதிகாரி வழியாகச் சுற்றாமல் ஒருவரோடு ஒருவர் நேரடியாகப் பேசிக்கொண்டார்கள். கட்டத்தைவிடக் கட்டத்தைச் சுற்றி உட்கார்ந்ததே வேலை செய்தது.

முடிவைத் தள்ளிப்போடுவது

1980களின் கார் உற்பத்தியைப் பற்றி ஹார்வர்டின் கிம் கிளார்க்கும் தகாஹிரோ ஃபுஜிமோட்டோவும் திரட்டிய எண்கள் மேற்கத்திய நிறுவனங்களை அதிரவைத்தன. ஒரு புதிய காரை உருவாக்க ஜப்பானியர்களுக்கு சராசரியாக 17 லட்சம் பொறியாளர்-மணிநேரமும் 46 மாதமும் ஆயின. அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 30 லட்சம் மணிநேரமும் 60 மாதமும். பெரிய பொறுப்பும் அதிகாரமும் கொண்ட தலைமைப் பொறியாளர், உதிரிபாகம் தருபவர்களைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்வது, அச்சு செய்யும் வேலையை டிராயிங் முடிவதற்கு முன்பே தொடங்குவது என்று காரணங்கள் அடுக்கப்பட்டன.

ஆலன் வார்டும் ஜெஃப்ரி லைக்கரும் மற்றவர்களும் டொயோட்டாவுக்குள் பார்த்தபோது கண்டது இவற்றோடு ஒட்டவில்லை. வேகமான நிறுவனம் என்றால் சீக்கிரம் முடிவெடுத்து மாறாமல் போகும் என்றுதானே நினைப்போம். டொயோட்டா முடிவுகளைத் தாமதப்படுத்தியது. புகைபோக்கி போன்ற ஒரு சாதாரண அமைப்புக்கே உதிரிபாக நிறுவனங்களிடம் பல மாற்று மாதிரிகளைச் செய்து தரச் சொன்னது. பிரிவுகள் ஒன்றோடொன்று பேசும்போது ஒரு புள்ளியைச் சொல்லவில்லை, ஒரு வீச்சைச் சொன்னார்கள்: இந்த இடைவெளி இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள் இருக்கும், அதற்குள் உன் வேலையைப் பார். எது வேலைக்காகாது என்று நிரூபணமாகிறதோ அது மட்டும் கழிக்கப்படும். 1995-ல் அவர்கள் எழுதிய கட்டுரை இதை டொயோட்டாவின் இரண்டாவது முரண் என்று அழைத்தது.

ஏன் இது வேகமாகிறது? ஒரே வடிவத்தை முதலிலேயே பூட்டிவிட்டால், கடைசியில் ஏதோ ஒரு பாகம் பொருந்தாமல் போகும். அதை மாற்றினால் பக்கத்துப் பாகம் மாற வேண்டும், அது மாறினால் மோல்டு மாற வேண்டும். திரும்பச் செய்யும் வேலையில்தான் மாதங்கள் கரைகின்றன. வீச்சோடு நகரும்போது அந்தத் திரும்பல்கள் குறைகின்றன. இதை நகலெடுக்க முயன்ற நிறுவனங்கள் பல மாதிரிகள் செய்வதை மட்டும் நகலெடுத்துச் செலவைக் கூட்டிக்கொண்டன. டொயோட்டாவிடம் இன்னொன்று இருந்தது. எந்த வளைவு ஆரத்துக்குக் கீழே தகடு கிழியும், எந்த வடிவத்தை எந்த அச்சில் அடிக்க முடியும் என்று ஒவ்வொரு பிரிவும் வருடக்கணக்காகத் திருத்தி வைத்திருக்கும் சரிபார்ப்புப் பட்டியல்கள். எதைக் கழிக்கலாம் என்று தைரியமாகச் சொல்ல அந்த அறிவு கையில் இருக்க வேண்டும். அதைக் கடையில் வாங்க முடியாது.

நம் பக்கத்துக்கு வந்தால் இங்கேதான் இடிக்கிறது. சென்னை, ஓசூர், கோவை வட்டாரத்து உதிரிபாக நிறுவனங்களில் பலவற்றுக்கு டிராயிங் வாடிக்கையாளரிடமிருந்தே வருகிறது. அந்த டிராயிங்கில் இருப்பதை அப்படியே, குறித்த டாலரன்ஸுக்குள், அதாவது அனுமதித்த அளவு வித்தியாசத்துக்குள், செய்து கொடுப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். கருத்துருவை அலசும் முறை எதுவும் அங்கே கால் வைக்க இடமில்லை, ஏனென்றால் கேள்வி கேட்கும் கட்டம் வேறொரு நாட்டில் முடிந்துவிட்டது. முறைகளைப் பாடமாகப் படித்துவிட்டு வேலைக்குப் போகும் மாணவருக்கு 'இதெல்லாம் எதற்குப் படித்தோம்' என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை. நிறுவனம் சொந்தமாக ஒரு பொருளைச் செய்யத் துணியும் நாளில்தான் அந்தப் பாடம் ஞாபகத்துக்கு வரும்.

முறை உண்மையிலேயே பலன் தருகிறதா என்று சோதிப்பதும் எளிதல்ல. மருந்துக்குச் செய்வதுபோல் ஒரே காரை முறையோடு ஒரு தடவையும் முறையில்லாமல் ஒரு தடவையும் எந்த நிறுவனமும் வடிவமைக்காது. மாணவர்களை வைத்துச் செய்யும் இரண்டு மணி நேரச் சோதனை மூன்று வருடத் திட்டத்துக்கு எந்த அளவு பொருந்தும் என்ற சந்தேகம் எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும். இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்த, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அமரேஷ் சக்ரபர்த்தியும் லூசியென் பிளெஸ்ஸிங்கும் 2009-ல் வடிவமைப்பு ஆய்வுக்கே ஒரு முறையியலை நூலாகத் தந்தார்கள். முதலில் எதை வெற்றி என்கிறாய் என்று தெளிவாக்கு. இப்போது என்ன நடக்கிறது என்று கவனி. அதன் அடிப்படையில் உதவி ஒன்றை உருவாக்கு. அதைப் பயன்படுத்தியபின் என்ன மாறியது என்று மறுபடி கவனி. உலகெங்கும் இந்தத் துறை முனைவர் பட்ட மாணவர்கள் இன்று கையில் வைத்திருக்கும் நூல் அது. நான்காவது படிவரை வந்து சேரும் ஆய்வுகள் குறைவு என்பது வேறு விஷயம். கருவி செய்துவிட்டால் கட்டுரை வந்துவிடும், அதன் பலனை அளக்க ஆலைக்காரர் கதவைத் திறக்க வேண்டும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து இந்தப் பழைய கேள்விகளையே புது வடிவில் எழுப்பியிருக்கிறது. 2024-ல் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உரையாடல் மென்பொருள் ஒன்றுக்கு முகவடிவம் வரையும் பணியை மூன்று விதமாகக் கொடுத்தார்கள். ஒரு சாராருக்கு உதவியே இல்லை, ஒரு சாராருக்கு இணையப் படத் தேடல், இன்னொரு சாராருக்குப் படம் வரையும் செயற்கை நுண்ணறிவு. மூன்றாவது வகையினர்தான் பணியோடு முதலில் காட்டப்பட்ட மாதிரியில் அதிகமாக ஒட்டிக்கொண்டார்கள், அவர்களுடைய யோசனைகளும் குறைவு, வகையும் குறைவு. 1991-ல் காபிக் கோப்பையில் பார்த்ததற்கு இது அடுத்த அத்தியாயம்.

இதற்கு ஒரு வழியும் ஆய்வுகளிலேயே கிடக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜொனதன் கேகனும் சகாக்களும் 2008-ல் காட்டியது இது: பிரச்சினையோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டி, தீராமல் தொங்கவிட்டிருக்கும் நிலையில் ஒரு குறிப்பு கிடைத்தால், அது தொலைவான துறையிலிருந்து வந்தாலும் உதவுகிறது. தொடங்குவதற்கு முன்பே கொடுத்தால் அந்தத் தொலைவுக் குறிப்பு பயன்படுவதில்லை. படம் வரையும் கருவிகளோ வரியைத் தட்டிய முதல் நிமிடத்திலேயே நான்கு அழகான மாதிரிகளைக் கண்முன் வைக்கின்றன. ஆகவே, குழுவில் யாராவது அந்தக் கருவியைத் திறக்க நினைத்தால், எல்லோரும் முதலில் தாளில் கையால் நாலு கிறுக்கல் போட்டு மேசைமேல் வைத்த பிறகு திறப்பது என்ற ஒரு சிறு விதியே போதும், செலவில்லாதது.